ஸ்நேர் டிரமுக்கு ஏற்ற தோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இராமநாதபுரக் கடற்கரை வாசிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், மூக்கையூர் என்று இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நெடுகிலும், ஆலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழாப் பேண்டு செட்டுகளிலும் பள்ளி அணிவகுப்புக் குழுக்களிலும் ஸ்நேர் டிரம் வாசிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடிப்பக்கத்தில் சுருள் கம்பிகள் பூட்டிய இந்த டிரமைப் பேண்டு செட்டில் சைடு டிரம் என்பார்கள். அளவிலும் தொங்கவிடும் முறையிலும் வேறுபாடு உண்டு என்றாலும், தோல் தொடர்பாக இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். இவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்றுதான்: "தோல் புதுசுதாண்ணே, ஆனா சத்தம் தகரத்தைத் தட்டுன மாதிரியே இருக்கு." அப்படிச் சொல்பவரின் டிரமைக் கவிழ்த்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். மேலே இருப்பது புதிய, தடித்த தோல். கீழே இருப்பதோ டிரம் வாங்கிய நாளில் வந்த அடித்தோல், அதன் மேல் துருப்பிடித்த ஸ்நேர் கம்பிகள். மேல்தோலை மட்டும் மாற்றுவதும், கிடைப்பவற்றுள் தடிமனானதையே நாடுவதும் இப்பகுதியில் ஊறிப்போன பழக்கங்கள். ஓசையைத் திருத்த நினைப்பவர் இவ்விரண்டையும் கைவிடுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்நேர் டிரமில் ஓசை எங்கே பிறக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். குச்சி மேல்தோலில் விழுந்தவுடன் உள்ளேயுள்ள காற்று அழுந்தி அடித்தோலைத் தள்ளுகிறது, அடித்தோல் அதிர்கிறது, அதன்மேல் படிந்திருக்கும் சுருள் கம்பிகள் துள்ளி மீண்டும் அதன்மேல் விழுகின்றன. "சர்" என்று கேட்கிறதே, ஸ்நேருக்கே உரிய அந்த ஓசை முழுவதும் டிரமின் அடிப்பக்கத்தில் உண்டாவது. மேல்தோல் அடியின் தெறிப்பையும், சுருதியையும், குச்சி துள்ளும் தன்மையையும் தருகிறது; மெல்லடிகள் கேட்குமா கேட்காதா, ரோல், அதாவது இடைவிடாத விரைந்த அடி, வாசிக்கும்போது அடிகள் தனித்தனியாகத் தெரியுமா குழம்புமா என்பதையெல்லாம் அடித்தோலும் கம்பியும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இன்று நாம் தோல் என்று சொல்வது உண்மையில் பாலியெஸ்டர் படலம். 1950களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் கன்றுத்தோலே பயன்பட்டது. டூபாண்ட் நிறுவனத்தின் மைலார் படலம் சந்தைக்கு வந்த பிறகு, அமெரிக்காவில் சிக் எவன்ஸும் ரெமோ பெல்லியும் அதைக் கொண்டு டிரம் தோல்களைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். ரெமோ நிறுவனம் 1957இல் தொடங்கப்பட்டது. இந்த மாற்றத்தின் பயனை நம் கடற்கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் தப்பு வாசிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி வாசிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். விலங்குத்தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். பாலியெஸ்டர் படலம் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆனால் படலம் மட்டும்தான் அப்படி. மரத்தாலான உடல் ஈரத்தில் உப்பும், போல்ட்டுகளின் மரையில் உப்பு ஏறும், கம்பிகள் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் தோல்தானே என்று கவலையின்றி இருந்துவிட முடியாது.

தடிமனும் அடுக்கும்

தோலின் தடிமனை மில் என்னும் அளவால் குறிப்பார்கள். ஒரு மில் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஸ்நேரின் மேல்தோலில் பெரிதும் வழங்குவது 10 மில், அதாவது கால் மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த ஒற்றை அடுக்குப் படலம். ரெமோவின் அம்பாசடர், எவன்ஸின் ஜி1 ஆகியவை இவ்வகை. இதைவிட மெல்லியது ரெமோவின் டிப்ளமேட். மென்மையான வாசிப்புக்கு மிக நுட்பமாகப் பதில் தரும், ஆனால் ஓங்கி அடிப்பவரின் கையில் நீடிக்காது. இரண்டு 7 மில் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்தவை எம்பரர், ஜி2 போன்ற இரட்டை அடுக்குத் தோல்கள். இவை உழைக்கும், ஓசை தடித்தும் குறுகியும் இருக்கும், ரீங்காரம் குறையும்.

தடிமன் கூடும்போது நடப்பது எளிய இயற்பியல். ஒரே இறுக்கத்தில் கனமான படலம் மெதுவாக அதிரும், ஆகவே சுருதி தாழும். முன்பிருந்த சுருதிக்கு அதைக் கொண்டுவர இன்னும் இறுக்க வேண்டும். கனமான படலத்தை அசைக்க வலுவான அடியும் தேவை. எனவே இரட்டை அடுக்குத் தோலைப் போட்டுவிட்டு மெல்லடிகள் கேட்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. "கனமான தோல் போட்டால் ரெண்டு வருசம் வரும்" என்று கடையில் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த இரண்டு வருடமும் மந்தமான ஓசையோடு வாசிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மேல்பூச்சு உள்ள வெள்ளைத் தோலுக்கும் பூச்சற்ற தெளிந்த தோலுக்கும் உள்ள வேறுபாடு நிறத்தில் மட்டும் இல்லை. சொரசொரப்பான பூச்சு உயர்ந்த மேல்சுரங்களைச் சற்று அடக்கி ஓசைக்கு ஒரு கதகதப்பைத் தரும். பிரஷ் கொண்டு தேய்த்து வாசிப்பவருக்குப் பூச்சு இல்லாமல் ஒன்றுமே கேட்காது. தெளிந்த தோல் கூர்மையாகவும் பளிச்சென்றும் ஒலிக்கும். ஸ்நேரின் மேல்பக்கத்துக்குப் பூச்சுள்ள தோலையே நான் பரிந்துரைப்பேன். தெளிந்த தோல், கம்பியில்லாத டிரம்களான டாம்களில் அழகாக இருக்கும். ஸ்நேரில் அது பல நேரங்களில் காதைக் குத்தும்.

எங்கே வாசிக்கிறீர்கள்?

நம் ஊர் ஆலயங்கள் பல உயர்ந்த கூரையும், சிமெண்டுச் சுவரும், பளபளக்கும் தரைக்கல்லும் கொண்டவை. திரையோ மெத்தையோ இல்லாத அத்தகைய கூடத்தில் ஒலி மீண்டும் மீண்டும் எதிரொலிக்கும். ஸ்நேரின் ரீங்காரம் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே வடியாமல் தேங்கிப் பாடலின் சொற்களை மறைக்கும். இங்கே தேவை விளிம்பு அடக்கப்பட்ட ஒற்றை அடுக்குத் தோல். விளிம்பின் அடிப்புறத்தில் மெல்லிய வளையம் ஒட்டப்பட்ட, ரெமோவின் பவர்ஸ்ட்ரோக் 3 போன்றவை இதற்காகவே செய்யப்பட்டவை: நடுப்பகுதி 10 மில் தோலைப் போலவே துள்ளும், ஆனால் விளிம்பில் எழும் உயர்ந்த மேல்சுரங்களை வளையம் விழுங்கிவிடும். விளிம்பை ஒட்டி நுண்துளைகள் இடப்பட்ட எவன்ஸின் டிரை வகைத் தோல்கள் இன்னும் வறண்ட, உடனே அடங்கும் ஓசையைத் தரும். சிறிய ஆலயத்தில் மைக் வைக்காமல் வாசிப்பதென்றால் டிரை வகை சற்று மிகையாகிவிடும் என்பது என் கருத்து. வளையம் ஒட்டிய தோலே போதும்.

திறந்தவெளியில் நிலைமை நேர் எதிரானது. தேர்ப்பவனியிலோ, ஏர்வாடிச் சந்தனக்கூடு போன்ற பெருவிழாக்களின் ஊர்வலத்திலோ, கடற்கரை மணலில் அமைத்த மேடையிலோ ஓசையைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. கூடத்தில் தொல்லையாக இருந்த ரீங்காரம் வெளியில் ஐந்தடி தாண்டினால் கேட்பதே இல்லை. அதை அடக்கப் போனால் டிரமின் உயிரையே அடக்கியதாகிவிடும். இங்கே விளிம்பு வளையமும் நுண்துளைகளும் வேண்டாம். ஊர்வலத்தில் வாசிப்பவர் மணிக்கணக்கில் ஓங்கி அடிப்பார் என்பதால் நடுப்பகுதி மட்டும் வலுவாக இருப்பது நல்லது. நடுவில், அடிப்புறமாக வட்டப் பட்டை ஒட்டப்பட்ட 10 மில் தோல் இதற்கு மிகப் பொருத்தமானது. கன்ட்ரோல்டு சவுண்ட் என்னும் பெயரில் ரெமோ இதைச் செய்கிறது. அடி விழும் இடம் தடித்திருப்பதால் சீக்கிரம் குழி விழாது. விளிம்பு ஒற்றைப் படலமாகவே இருப்பதால் ஓசை திறந்தே இருக்கும். இரட்டை அடுக்குத் தோலுக்கும் ஊர்வலத்தில் இடமுண்டு, ஆனால் கையடி உண்மையிலேயே வலுவாக இருப்பவருக்கு மட்டும்.

காற்றைப் பற்றி ஒரு சொல். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைத்த காற்று இது. காற்று வீசும் திசையில் நிற்பவருக்கு டிரம் தெளிவாகக் கேட்கும், எதிர்த்திசையில் நிற்பவருக்குக் கேட்காது. எந்தத் தோலும் இதை மாற்றாது. மேடையை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்கும்போது டிரம் வாசிப்பவரும் வாய்திறந்து கருத்துச் சொல்லலாம்.

பள்ளிப் பேண்டுகளுக்குப் பணம்தான் முதல் கேள்வி. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படும் டிரமுக்கு விலையுயர்ந்த தோல் தேவையில்லை; சாதாரண 10 மில் வெள்ளைத் தோல் போதும். அணிவகுப்பு டிரம்களுக்கென்றே அராமிட் என்னும் மிக உறுதியான இழைகளால் நெய்த தோல்கள் உண்டு. காணொளிகளில் அவற்றின் கூர்மையான ஓசையைக் கேட்டு மாணவர்கள் ஆசைப்படுவார்கள். அவை மிகுந்த இறுக்கத்தில் மட்டுமே ஒலிப்பவை. அந்த இறுக்கத்தைத் தாங்கும்படி உறுதியாகக் கட்டப்பட்ட டிரம்களுக்கு உரியவை. மீரட்டிலிருந்து வரும் சாதாரணச் சைடு டிரமில் அவற்றைப் பூட்டி இறுக்கினால் உடல் வளையலாம், போல்ட் பிடிப்புகள் பெயர்ந்து வரலாம்.

மைக் வைத்து வாசிக்கும் மெல்லிசை மேடைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒலிபெருக்கி வலுவைத் தந்துவிடும் என்பதால் பூச்சுள்ள ஒற்றை அடுக்குத் தோலே எப்போதும் பாதுகாப்பான தேர்வு.

அடித்தோல்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமுள்ளவர் இதைப் படிக்கட்டும். ஸ்நேரின் அடித்தோல் தனி வகை. மேல்தோலை அடிப்பக்கத்தில் பூட்டக் கூடாது. அடித்தோலை மேலே பூட்டி அடித்தால் முதல் சில அடிகளிலேயே கிழிந்துபோகும். அடித்தோல் 2, 3, 5 மில் என்று மூன்று தடிமன்களில் கிடைக்கிறது. எவன்ஸ் இவற்றை 200, 300, 500 என்று எண்ணிட்டு விற்கிறது. 3 மில் என்பது மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்குதான். இவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் மேலே விழும் மெல்லிய அடியும் அதை அசைத்துக் கம்பிகளைத் துள்ளவைக்கும். பெரும்பாலான டிரம்களுக்கு 3 மில் தோலே சரியானது. 2 மில் மிகுந்த நுட்பம் தரும், ஆனால் எடுத்துச் செல்லும்போதே சேதமாகும் அளவுக்கு மென்மையானது. பேருந்திலும் ஆட்டோவிலும் டிரமை ஏற்றி இறக்குபவர் அதை நாட வேண்டாம். 5 மில் தோல் ஓங்கி வாசிக்கும் ஊர்வல டிரமுக்குப் பொருந்தும். அதில் கம்பியின் ஓசை சற்று முரட்டுத்தனமாக இருக்கும்.

அடித்தோலில் யாரும் அடிப்பதில்லை என்பதால் அது தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்ந்த இழுவிசையில் படலம் நாளடைவில் நீண்டு தன் துள்ளலை இழக்கும். அதோடு கம்பியின் அறைதல் ஓயாமல் நடந்துகொண்டேயிருக்கும். பழைய அடித்தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: கம்பிகள் படிந்த இடத்தில் இணைகோடுகளாகத் தேய்ந்த தடங்களும், கம்பிப் பட்டையின் இரு முனைகளும் உராய்ந்த இடத்தில் வெண்மையான கீறல்களும் தெரியும். நம் பகுதியில் இன்னொன்றும் தெரியும். தோலுக்கும் கம்பிக்கும் நடுவே புகுந்த நுண்மணல், ஒவ்வொரு அடியிலும் உரைத்து உரைத்துப் புள்ளிப் புள்ளியாகப் பள்ளம் பறித்திருக்கும். அந்த நிலையில் உள்ள அடித்தோலை வைத்துக்கொண்டு மேல்தோலை எத்தனை முறை மாற்றினாலும் ஓசை தெளியாது. மேல்தோலை இரண்டு மூன்று முறை மாற்றும்போது அடித்தோலை ஒரு முறையாவது மாற்ற வேண்டும். எப்போதாவது வாசிப்பவரும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. கையிலுள்ள பணம் ஒரு தோலுக்குத்தான் போதும் என்றால், டிரம் வாங்கியதிலிருந்து மாற்றாத அடித்தோலை முதலில் மாற்றுங்கள்.

கம்பிகளையும் அதே நேரத்தில் கவனியுங்கள். வழக்கமான ஸ்நேரில் 20 சுருள் கம்பிகள் இருக்கும். உப்புக்காற்றில் எஃகு எவ்வளவு விரைவாகக் கெடும் என்பது நாம் அறிந்ததே. துரு ஏறிய கம்பி கனத்துத் துள்ளாது, தோலையும் அறுக்கும். ஒன்றிரண்டு கம்பிகள் மட்டும் நீண்டு தொங்கினால், அவை தாமாகவே அதிர்ந்து அடி நின்ற பின்னும் சலசலத்துக்கொண்டிருக்கும். அவற்றை மட்டும் நுனியில் நறுக்கி எடுத்துவிடலாம், மற்றவை ஒழுங்காக வேலை செய்யும். பாதிக்குமேல் துரு என்றால் முழுப்பட்டையையும் மாற்றுவதே வழி.

கம்பிப் பட்டையைக் கட்ட வலை முடியும் நைலான் நூலோ தங்கூசியோ கைக்கு எளிதாகக் கிடைக்கும். நைலான் ஈரத்தில் நீளும், இழுவிசையிலும் நீளும்; காலையில் இறுகியிருந்த கம்பி மாலையில் தொளதொளக்கும். கழற்றிய பழைய மேல்தோலிலிருந்து அரை அங்குல அகலத்தில் பட்டை நறுக்கி அதைக் கொண்டு கட்டுங்கள். பாலியெஸ்டர் படலம் நைலானைப் போல நீளாது, ஈரத்துக்கும் அசையாது. கம்பிகளை அகலவாக்கில் சமமாகவும் இழுத்துப் பிடிக்கும்.

அளந்து வாங்குதல்

மதுரைக்குச் சென்று வாங்கினாலும் இணையத்தில் வரவழைத்தாலும் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டும். தோலை உடலோடு இறுக்கிப் பிடிக்கும் வெளிவளையமான ரிம்முக்கு ரிம் அளப்பது தவறு. ரிம்மைக் கழற்றிவிட்டு, உடலின் வெளி விட்டத்தை அளக்க வேண்டும். தரப்படுத்தப்பட்ட ஸ்நேர் 14 அங்குலம், அதாவது ஏறத்தாழ 35.6 சென்டிமீட்டர், 13 அங்குல டிரம்களும் உண்டு. உள்நாட்டுச் சைடு டிரம்களில் சில சற்றே அளவு மாறியிருக்கும், சில முழு வட்டமாகவும் இருக்காது. ஆகவே மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்து, வழக்கமான அளவுக்கு ஒத்துவந்தால் எந்த நிறுவனத்தின் தோலும் பொருந்தும். மாறுபட்டால் டிரமையே எடுத்துச்சென்று பொருத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். புதிய தோல் உடலின் மேல் தானாக அமர வேண்டும். கையால் அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் அந்தத் தோல் வேண்டாம்.

பூட்டும் முறை

பழைய தோலைக் கழற்றியதும் புதியதைப் பூட்ட அவசரப்பட வேண்டாம். உடலின் விளிம்பை விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். தோல் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கூர்விளிம்பில் மணல், பழைய பூச்சு, உப்புத்தூள் எது இருந்தாலும் விரலில் தட்டுப்படும். காய்ந்த மென்துணியால் துடையுங்கள். மர உடலானால் ஈரத்துணி வேண்டாம். அடிப்பக்க விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடங்கள் சற்றே தாழ்ந்திருப்பதைக் காண்பீர்கள். அது பழுதன்று, கம்பிகள் தோலோடு ஒட்டிப் படிவதற்காகச் செதுக்கப்பட்ட பள்ளம். அதை நிரப்பவோ தேய்த்துச் சமன்செய்யவோ கூடாது. போல்ட்டுகளைத் துடைத்து, மரையில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். உப்பேறிய மரையில் போல்ட் இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் தோல் இறுகியிருக்காது. சமனில்லாத ஓசைக்கு இது மறைவான காரணம்.

முதலில் அடித்தோல். தோலையும் ரிம்மையும் வைத்து எல்லா போல்ட்டுகளையும் விரலால் திருகமுடிந்த அளவு திருகுங்கள். பிறகு போல்ட் திருகும் சாவியால் ஒரு போல்ட்டை அரைச்சுற்று, உடனே அதற்கு நேர் எதிரே உள்ளதை அரைச்சுற்று, அடுத்து பக்கத்திலுள்ள இணை என்று எதிரெதிராகவே செல்ல வேண்டும். வரிசையாக ஒரே பக்கமாகச் சுற்றிவந்தால் தோல் ஒருபுறம் இழுபட்டு அமர்ந்துவிடும், அதன்பின் எவ்வளவு திருத்தினாலும் சுருதி சமனாகாது. தோல் பேசத் தொடங்கியதும் கால்சுற்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அடித்தோலை நன்றாகவே இறுக்கலாம். மையத்தைக் கட்டைவிரலால் தொட்டால் மிகச் சிறிதளவே இறங்க வேண்டும். ஆனால் உள்ளங்கையால் அழுத்தி அமரவைக்கும் வேலையை இந்த மெல்லிய தோலில் செய்யாதீர்கள்.

மேல்தோலையும் அவ்வாறே பூட்டி, விரலிறுக்கத்துக்குப் பின் ஓரிரு சுற்றுகள் ஏற்றியதும், மையத்தில் உள்ளங்கையை வைத்து உறுதியாக ஒருமுறை அழுத்துங்கள். தோல் விளிம்பில் படிந்து அமரும். அப்போது தோலின் வளையத்திலிருந்து சடசடவென்று ஓர் ஓசை எழலாம். அது வளையத்திலுள்ள பசை இளகும் ஓசை, தோல் கிழியும் ஓசையன்று.

சுருதி சேர்க்கும்போது, கம்பியைத் தோலோடு சேர்க்கவும் விலக்கவும் உதவும் லீவரைத் தட்டிக் கம்பியை விலக்கிவிடுங்கள். ஒவ்வொரு போல்ட்டின் எதிரிலும் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே குச்சியால் மெல்லத் தட்டி, எல்லா இடங்களிலும் ஒரே சுருதி கேட்கிறதா என்று பாருங்கள். மையத்தில் ஒரு விரலை இலேசாக வைத்துக்கொண்டு தட்டினால் ஒவ்வொரு போல்ட்டின் சுருதியும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். தாழ்ந்திருக்கும் போல்ட்டை ஏற்றுவதற்கு முன் அதற்கு நேர் எதிரே உள்ளதையும் கேளுங்கள். பல நேரங்களில் குறை அங்கேதான் இருக்கும். மேல்தோலைவிட அடித்தோல் சற்று உயர்ந்த சுருதியில் இருந்தால் கம்பி விரைந்து பதில் தரும், ஓசை கூர்மையாகும். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் ரீங்காரம் நீளும். இதற்குமேல் கட்டாய விதி எதுவும் இல்லை. மேல்தோலை எவ்வளவு ஏற்றுவது என்பது வாசிப்பவரின் காதையும் உடன் வாசிக்கும் இசையையும் பொறுத்தது.

கடைசியாகக் கம்பியின் இறுக்கம். லீவரைப் போட்டு, கம்பி தோலில் படும் வரை மட்டும் திருகி, மெல்லத் தட்டிக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மெல்லடியும் "சர்" என்று கேட்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் கம்பி தோலை நெரித்து ஓசை அடைத்துப்போகும். தோல் சரியில்லை என்று சொல்லப்படும் டிரம்கள் பலவற்றில், கம்பியை இரண்டு சுற்றுத் தளர்த்தியதுமே பாதிக் குறை தீர்ந்துவிடுவதைக் காணலாம்.

மிஞ்சிய ரீங்காரமும் சலசலப்பும்

சரியான தோலைப் போட்டுச் சுருதியும் சமனான பிறகும் ரீங்காரம் மிகுதியாகத் தோன்றினால் மட்டும் அடக்குவதைப் பற்றி நினைக்கலாம். பழைய மேல்தோலிலிருந்து ஓர் அங்குல அகலத்தில் வளையம் நறுக்கி மேலே வைப்பது செலவில்லாத முறை. கூடத்துக்குள் நன்றாகவே உதவும். கடற்கரை மேடையில் அதை வைத்தால் இரண்டாம் பாட்டுக்கு முன் அது பார்வையாளர் மடியில் கிடக்கும். வெளியில் விளிம்பருகே சிறு துண்டு டேப்பை மடித்து ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீபோர்டின் கீழ்ச்சுரங்களுக்கும் டாம்களின் அடிக்கும் ஸ்நேர் தானாகச் சலசலப்பது இயல்பு. அண்மையிலுள்ள டாமின் சுருதியைச் சற்று ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் பெரும்பாலும் அது குறையும், முற்றிலும் நீங்காது. ஆலயத்தில் வாசிப்பவர்கள் பாடல் முடிந்தவுடன் லீவரைத் தட்டிவிடும் பழக்கத்தைக் கைக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மறையுரையில் ஒலிபெருக்கி வழியே வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்நேர் ஆமென் சொல்லிக்கொண்டிருக்கும்.

வெயிலும் திருவிழாவும்

பிற்பகல் வெயிலில் டிரமைத் திறந்து வைத்தால் படலம் சூடேறிச் சற்று இளகும், சுருதி இறங்கும். அதைக் கண்டு வெயிலிலேயே இறுக்கிவிட்டால், பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும் தோல் அளவுக்குமீறி இறுகிச் சுருதி எங்கோ ஏறியிருக்கும். நிழலில் வைத்து, வாசிக்கப்போகும் நேரத்தின் தட்பவெப்பத்துக்கு டிரம் வந்த பிறகுதான் சாவியைக் கையில் எடுக்க வேண்டும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ரிம்மையும் கம்பியையும் துடைத்து, அடிப்பக்கம் தரையில் படாமல் பையில் வையுங்கள். மணலில் டிரமைக் கவிழ்த்து வைப்பது அடித்தோலுக்குச் செய்யும் பெரிய கேடு.

விசைப்படகுத் தொழிலில் இருக்கும் வாசிப்பாளர்களுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் டிரமை முழுதாகப் பிரித்துத் துடைத்து அடித்தோலையும் கம்பியையும் மாற்றுவதற்கு ஏற்ற காலம். ஜூலை 25ஆம் நாள் வரும் சந்தியாகப்பர் திருநாளுக்குள் புதிய தோல் நன்கு படிந்துவிடும். அவ்வளவு அவகாசம் இல்லாதவர்களும் விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தோலைப் பூட்டி, அன்று சற்று வாசித்து, மறுநாள் தளர்ந்த போல்ட்டுகளை மீண்டும் ஏற்றி, விழா நாள் காலையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். புதிய படலம் முதல் நாளில்தான் மிகுதியாக நீளும். தேர் புறப்படும் மாலையில் பூட்டிய தோல் முதல் தெருவிலேயே சுருதி இறங்கிவிடும். பையில் சாவியோடு ஒரு மாற்று அடித்தோலையும் நான்கு போல்ட்டுகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தோல் கெட்டியான அட்டைகளுக்கிடையில் இருக்கட்டும்.